வீட்டை விற்கச் சொல்லி வாசலுக்கு வருபவர்கள்: கொழும்பு வீட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் அம்மாவின் வீட்டுக் கேற்றில் ஒருநாள் ஒரு கடிதம் செருகியிருந்தது. நல்ல தமிழ், நீல மை, கையால் எழுதியதுபோல. "இரண்டு பிள்ளைகளோடு இந்த ஒழுங்கையில் ஒரு வீடு தேடுகிறோம். உங்கள் வாசலில் நிற்கிற மாமரத்தைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கிழமை இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனால் அங்கும் அதே கடிதம். பெரியம்மா வீட்டில் மாமரம் இல்லை. அதனால் அந்தக் கடிதத்தில் மல்லிகைப் பந்தல் இருந்தது. மையைத் தண்ணீர் தொட்டுப் பார்த்தேன். அச்சு.

அதற்குள் அம்மா அந்த இலக்கத்துக்கு அழைத்து, வந்த பையனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, காணி உறுதியின் போட்டோப் பிரதியையும் கொடுத்து அனுப்பியிருந்தார். பிள்ளைகளோடு வீடு தேடும் குடும்பம் என்று யாரும் இருக்கவில்லை. தொடர்மாடி கட்டுவதற்குக் காணி சேர்க்கும் ஒரு கம்பனிக்காக அந்தப் பையன் அலைந்துகொண்டிருந்தான். மூன்று மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் கேற்றடியில் நின்று, "இந்த வீட்டுக்கு நான் அட்வான்ஸ் குடுத்திட்டன்" என்றார். அவர் கையில் இருந்த வட்ஸ்அப் படத்தில் அம்மாவின் உறுதி இருந்தது.

இந்தக் கட்டுரையை அந்த மூன்று மாதத்தில் நான் அலைந்து கற்றவற்றிலிருந்து எழுதுகிறேன். நேர்மையான தரகர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்குப் பல விஷயங்களைச் சொல்லித் தந்தார். ஆனால் வயதானவர்கள் தனியாக இருக்கிற, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற தமிழ் வீடுகளைத் தேடிப்பிடித்து வருபவர்களும் இருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை எங்கும் ஒரே பாணிதான்.

முதல் அழைப்பும் முதல் வருகையும்

நீங்கள் விற்கப்போவதாக யாருக்கும் சொல்லாதபோது ஒருவர் வாங்க வந்தால், முதலில் அவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: யாருக்காக வாங்குகிறார், அவருடைய அடையாள அட்டை அல்லது கம்பனிப் பதிவு இலக்கம் என்ன, தரகுப்பணம் யார் கொடுப்பது. உண்மையாக வாங்க வந்தவருக்கு இந்தக் கேள்விகளால் ஒரு இடைஞ்சலும் இல்லை. வாய்ப்பேச்சாகவே வைத்திருக்க விரும்புகிறவர் இங்கேயே நழுவத் தொடங்குவார்.

அடிக்கடி கேட்கும் பேச்சு இப்படி இருக்கும்: "அன்ரி, வாங்கிற ஆள் கனடாவில இருந்து வந்து நிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போறார். அதுக்குள்ள நீங்கள் ஒரு முடிவு சொல்லவேணும்." அவசரப்படுத்தினால் அந்த நாளைக் கடத்திவிடுங்கள். வாங்குபவர் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர் என்றால் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்குக் காணியை விலைக்கு எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு முடியும். தொடர்மாடி வீடுகளுக்குத் தனி விதிவிலக்கு உண்டு. ஆகவே "கனடாப் பார்ட்டி" என்று சொல்லித் தனிவீடு கேட்டால், இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு ஆளே இல்லை என்றால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டுக்குள் கூப்பிடாதீர்கள். கேற்றடியில் நின்று பேசினால் போதும். வீட்டைப் "படம் எடுத்துப் பார்ட்டிக்கு அனுப்ப" விடவேண்டாம். அந்தப் படங்கள் உங்களுக்குத் தெரியாமல் விளம்பரத் தளங்களில் ஏறும். விற்கும் எண்ணமே இல்லாத வீடு விற்பனைக்கு என்று போடப்படும். அப்படி ஒரு விளம்பரத்தைக் கண்டால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்துக்கு அறிவித்து நீக்கச் சொல்லுங்கள்.

வயதான பெற்றோர் தனியாக இருந்தால் அவர்களுக்கு ஒரு வாக்கியம் போதும்: "மகனோட கதையுங்கோ, இலக்கம் தாறன்." அம்மாவுக்கு நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவர் அதை வாசிப்பதில்லை. ஆனாலும் அது அங்கே ஒட்டியிருப்பதே அவருக்குத் தெம்பாக இருக்கிறது.

"உங்கட வீட்டை அரசாங்கம் எடுக்கப்போகுது"

விலையைக் குறைக்க வைக்கும் வழிகளில் இதுதான் மிகவும் கொடியது. வீதி அகலமாகிறது, மரைன் டிரைவ் நீள்கிறது, வடிகால் திட்டம் வருகிறது, வீடு போய்விடும், இப்போதே விற்றால் ஏதோ கொஞ்சமாவது கிடைக்கும் என்பார்கள். 1983 இல் பயத்திலே கிடைத்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவர்கள் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. அதைத் தட்டினால் நாங்கள் அசைவோம் என்பது இவர்களுக்குத் தெரியும்.

காணி எடுப்பது இரவோடு இரவாக நடப்பதில்லை. அது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி படிப்படியாக நடக்கிறது. முதலில் 2 ஆம் பிரிவு அறிவித்தல். அது சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அந்தப் பகுதியில் பகிரங்கமாக ஒட்டப்பட வேண்டும். அடுத்தது 4 ஆம் பிரிவு. அதில் உரிமையாளருக்கு எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கக் கால அவகாசம் உண்டு. அதன் பிறகே 5 ஆம் பிரிவுப் பிரகடனமும், நட்டஈடு கோருவதற்கான 7 ஆம் பிரிவு அறிவித்தலும் வரும். அவசரமான சந்தர்ப்பங்களில் 38 ஆம் பிரிவின் கீழ் உடைமையை முன்கூட்டியே எடுக்க முடியும். அதற்கும் எழுத்திலான கட்டளை வேண்டும். எதைச் சொன்னாலும், "எந்தப் பிரிவு, எந்தத் திகதி, எந்த அலுவலகம்?" என்று கேளுங்கள்.

அவர் சொல்வது உண்மையா என்று நீங்களே பார்க்க இரண்டு வழிகள் உண்டு. கொழும்பு மாநகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அகலமாக்கும் கோடு உங்கள் காணியை வெட்டுகிறதா என்பது அதில் தெரியும். மற்றது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் தனித்தனியாக, "இந்த மதிப்பீட்டு இலக்கமுள்ள காணியை எடுக்கும் திட்டம் ஏதும் உண்டா?" என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். காணி எடுக்கும் அறிவித்தல் இருந்தால் பிரதேச செயலகத்திலும் தெரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம்.

உறுதியின் பிரதியைக் கொடுக்காதீர்கள்

ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரமுண்டு என்றால் இதை வாசியுங்கள். அம்மா கொடுத்த பிரதியில் அவருடைய முழுப்பெயர், கையெழுத்து, காணியின் எல்லைகள், வரைபட இலக்கம், காணிப் பதிவகத்தின் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் எல்லாம் இருந்தன. இவற்றோடு ஓர் அடையாள அட்டைப் பிரதியும் கையில் இருந்தால், கள்ள உறுதி ஒன்று முடிப்பவருக்கு மிச்ச வேலை அதிகமில்லை. அம்மாவின் பெயரில் இன்னொரு கிழவியைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஆயிற்று.

வாங்குபவரின் சட்டத்தரணி உரித்தை ஆராய வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அது விலை பேசி முடிந்த பிறகு, பெயரும் முகவரியும் உள்ள ஒரு சட்டத்தரணிக்கு, ஒரு கவரிங் கடிதத்தோடு கொடுக்க வேண்டியது. தரகருக்கு முதல் சந்திப்பில் தேவைப்படுவது காணியின் அளவு, ஒழுங்கையின் பெயர், நீங்கள் எதிர்பார்க்கும் விலை. அதற்குமேல் எதுவும் வேண்டாம். பிரதி கொடுத்தே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும், எழுத்துக்களுக்கு மேலே, யாருக்கு, என்ன காரணத்துக்கு, எந்தத் திகதியில் கொடுத்தது என்று பேனையால் எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். அடையாள அட்டைப் பிரதிக்கும் இதே முறை. மூல உறுதியை எக்காரணம் கொண்டும் கைமாற்றாதீர்கள். "சட்டத்தரணி பார்க்கவேணுமாம்" என்றால், உறுதியை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, கையில் எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் செய்ய வேண்டியவை இரண்டு. முதலில் காணிப் பதிவகத்துக்குப் போய் உங்கள் காணியின் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியை எடுங்கள். நாங்கள் எல்லோரும் 'எக்ஸ்ட்ராக்ட்' என்று சொல்வது அதைத்தான். தொகுதி, பக்க இலக்கங்களை உங்கள் உறுதியில் பதிவக முத்திரையோடு காணலாம். அந்தப் பக்கத்தில் நீங்கள் அறியாத விற்பனையோ, ஈடோ, அற்றோணி (உங்களுக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) மூலம் செய்த கொடுக்கல்வாங்கலோ பதிவாகியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். தொடர்ச்சிப் பக்கத்துக்கு மாற்றியிருந்தால் அந்தப் பக்கத்தையும் கேளுங்கள். நான் முதல் தடவை அதைத் தவறவிட்டு இரண்டாம் முறை வரிசையில் நின்றேன். உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவர், தான் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைப் பதிவகத்துக்கு அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. எனவே இன்று பார்த்து ஒன்றும் இல்லையென்றால், இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவையும் பாருங்கள்.

இரண்டாவது 'கேவியட்'. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. உங்கள் காணியின் பக்கத்தில் இதைப் பதிந்துவிட்டால், அந்தக் காணியைத் தொடும் எந்த உறுதி பதிவுக்கு வந்தாலும் உங்களுக்கு அறிவிக்கும்படி கேட்டதாகும். அது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரு சட்டத்தரணி மூலம் செய்தால் அலைச்சல் குறைவு. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளுக்கு, ஒரு பிரச்சினையும் வராத காலத்திலேயே இதைச் செய்துவைப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

விலை

தரகர் சொல்லும் முதல் விலை அவருடைய விலை. கொழும்பில் பேச்சு பேர்ச்சஸ் கணக்கில் நடக்கிறது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 12 பேர்ச்சஸ் காணியில் பேர்ச்சுக்கு 5 இலட்சம் குறைத்துப் பேசினால், உங்கள் கையிலிருந்து போவது 60 இலட்சம். "சின்ன வித்தியாசம்தானே அம்மா" என்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பட்டய மதிப்பீட்டாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை எடுங்கள். வாங்க வந்தவர் சிபாரிசு செய்யும் மதிப்பீட்டாளர் வேண்டாம். வரைபடம் பழையதென்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளக்கவும். எங்கள் ஒழுங்கையில் ஒருவருடைய காணி உறுதியில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட ஒரு பேர்ச் குறைவாக இருந்தது. கடைசி நாளில், கையெழுத்துப் போடும் மேசையிலேயே அதைச் சொல்லி விலையை உடைத்தார்கள்.

"உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம், வரி மிச்சம்" என்று ஒரு யோசனையும் வரும். முத்திரைத் தீர்வை விலையின் முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும் ஆகும். அதை வழக்கத்தில் கொடுப்பவர் வாங்குபவர். அதாவது மிச்சம் அவருக்கு. உங்களுக்கோ, உறுதியில் எழுதிய தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்து மட்டும் மிஞ்சும். வெளியே தருவதாகச் சொன்ன மிச்சப் பணம் வராவிட்டால் கேட்க எழுத்து எதுவும் இல்லை. விற்பவர் பயப்படும் மூலதன ஆதாய வரியில், சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு. விற்பதற்கு முந்திய 3 வருடமும் தொடர்ந்து உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அதில் 2 வருடமாவது நீங்கள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான முதியவர்கள் இதற்குள் வருவார்கள். பொய் விலை எழுத அவர்களுக்குக் காரணமே இல்லை.

அட்வான்ஸ், "சும்மா ஒரு பேப்பர்"

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் எங்களுக்குத் துணையாக நிற்கிறது. காணியை விற்பதோ, விற்பதாக வாக்குக் கொடுப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்கும்போது கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. ஆகவே, "அம்மா வாயால சொன்னவ", "வட்ஸ்அப்பில ஓம் எண்டவ", "50,000 ரூபா வாங்கி ரசீது தந்தவ" என்று மிரட்டினால், வீட்டை எழுதித்தரும்படி அதை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை வங்கி மூலம், எழுத்தோடு கொடுங்கள்.

ஆனால் ஒரு பொறி இதற்குள் அடங்காது. தரகர் நீட்டும் "விற்பனை அதிகாரக் கடிதம்" காணி விற்பனை ஒப்பந்தம் அல்ல, தரகுப்பணத்துக்கான ஒப்பந்தம். அதற்கு நொத்தாரிசு தேவையில்லை. ஒரு வருடத்துக்கு அவருக்கு மட்டுமே விற்கும் உரிமை, யார் வாங்கினாலும் அவருக்கு இத்தனை வீதம், மனம் மாறினாலும் தண்டப்பணம் என்று அதில் எழுதியிருக்கலாம். காலம், வீதம், விலகும் முறை மூன்றையும் பார்க்காமல் அதில் பேனை வைக்காதீர்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் ஒரு நாள் வாங்கி வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

உண்மையான விற்பனை உடன்படிக்கைக்கு வந்தால் உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணி வேண்டும். உறுதி முடிக்கும் நொத்தாரிசுக்குப் பணம் கொடுப்பவர் அநேகமாக வாங்குபவர். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் அவரை அமர்த்தியவர் நீங்கள் இல்லை. "நொத்தாரிசு வரமாட்டார், பேப்பரை நான் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிறன்" என்று சொன்னால் கதவைச் சாத்துங்கள். பணத்தை வங்கிக் கட்டளையாகக் கேட்டு, அந்த வங்கிக் கிளையில் விசாரித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நொத்தாரிசு தன் அத்தாட்சியில் பணம் எப்படிக் கைமாறியது, தன் முன்னிலையிலா இல்லையா என்று எழுதுவார். அந்த வரியை வாசித்துக் கேளுங்கள்.

அற்றோணி

"நீங்கள் அலையவேண்டாம் அன்ரி, ஒரு அற்றோணி எழுதித் தந்தால் நாங்களே மாநகர சபை வேலை எல்லாம் பார்க்கிறம்." மாநகர சபையில் ஒரு சான்றிதழ் எடுக்க வீட்டை விற்கும் அதிகாரம் தேவையில்லை. பொது அற்றோணித் தத்துவத்தில் விற்க, ஈடு வைக்க, பணம் பெற என்று எல்லாம் ஒரே மூச்சில் எழுதியிருக்கும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் விசேட அற்றோணித் தத்துவம், ஒரு வேலைக்கு மட்டும், ஒரு காலத்துக்கு மட்டும், உங்கள் சட்டத்தரணி எழுதியதாக இருக்கட்டும். இரத்துச் செய்தால் அந்த இரத்தையும் பதிவு செய்யுங்கள். கடிதம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் அதை அறியாதவர்களிடம் அந்தத் தத்துவம் தொடர்ந்து ஓடும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடுகிறது. அப்பா செத்து இரண்டு வருடமான பிறகு அவருடைய அற்றோணியாக ஒருவர் வந்தால் அது மோசடி.

காணியைத் தாருங்கள், மூன்று பிளட் தருகிறோம்

வெள்ளவத்தையில் இப்போது வரும் பெரிய அழைப்பு இதுதான். பழைய வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டுவார்கள், காணிக்காரருக்கு இரண்டோ மூன்றோ வீடுகள். ஒழுங்காக முடிந்த கட்டிடங்களில் நிம்மதியாக வாழும் குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டை இடித்த பிறகு வருடக்கணக்காக வாடகை வீட்டில் இருந்து, 2022 இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலை ஏறி வேலை நின்றுபோக, தூண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரையும் தெரியும்.

முதலில் எத்தனை மாடி என்ற வாக்கை நம்பாதீர்கள். அதைத் தீர்மானிப்பதில் ஒழுங்கையின் அகலத்துக்கும் காணியின் அளவுக்கும் பெரிய பங்குண்டு. 12 அடி ஒழுங்கையில் பத்து மாடி கட்டித் தருவதாகச் சொல்பவர் நகர அபிவிருத்தி அதிகார சபையின் எழுத்திலான அனுமதியைக் காட்டட்டும். கடற்பக்க ஒழுங்கைகளுக்கு இன்னொன்றும் சேர்கிறது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டப்படி கரையோர வலயம் கடலிலிருந்து 300 மீற்றர் உள்ளே வருகிறது. அதற்குள் கட்டுவதற்கு அந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

காணியை முதலில் கம்பனியின் பேரில் எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அப்படி எழுதிவிட்டால் கம்பனி அதை வங்கியில் ஈடு வைக்கலாம். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வங்கிகளுக்கு நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலம்விடும் அதிகாரம் இருக்கிறது. எல்லோரும் 'பராட்டே' என்று சொல்வது அது. கம்பனி கடன் கட்டாவிட்டால் ஏலத்துக்குப் போவது உங்கள் தாத்தா வாங்கிய காணி.

உடன்படிக்கையில் உங்கள் வீடுகள் எந்த மாடி, எந்தப் பக்கம், எத்தனை சதுர அடி, எத்தனை வாகனத் தரிப்பிடம் என்று இருக்க வேண்டும். வரைபடத்தில் நிறம் தீட்டி இணைக்கச் சொல்லுங்கள். கட்டும் காலத்தில் உங்கள் வாடகையை யார் கொடுப்பது, முடியும் திகதி எது, தவறினால் மாதம் எவ்வளவு என்பதும் அதில் வரட்டும். அனுமதி கைக்கு வரும்வரை வீட்டில் ஓர் ஓட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்ற நிபந்தனை எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் கூரை இல்லாத வீட்டோடு பேரம் பேசும் பலம் உங்களுக்கு இல்லை. வங்கி உத்தரவாதம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கம்பனி முன்பு முடித்த கட்டிடங்களுக்கு நேரே போய், குடியிருப்பவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் கிடைத்ததா, 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடிச் சொத்துரிமைச் சட்டத்தின்படி வரைபடம் பதிவாகி உங்கள் பெயரில் உறுதி வந்ததா. இவை இல்லாத வீட்டைப் பின்னர் விற்பதும் ஈடு வைப்பதும் பெரும்பாடு.

கடன் தருகிறோம், உறுதியை எழுதுங்கள்

வங்கி ஏல அறிவித்தல் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரும். அது வந்த காலையிலேயே "உதவி செய்ய" ஆட்கள் வருவார்கள். அவர்கள் கேட்பது ஈடு அல்ல. நேரடி விற்பனை உறுதி, அல்லது குறிப்பிட்ட காலத்துக்குள் பணம் கட்டினால் திருப்பி எழுதுவதாகச் சொல்லும் நிபந்தனை உறுதி. காலம் தவறினால் வீடு போய்விடும், அதுவும் அதன் பெறுமதியில் ஒரு சிறு பகுதிக்கு. கடனுக்கு ஈட்டு உறுதி மட்டும் எழுதுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

நிபந்தனை உறுதி எழுதிவிட்டீர்கள் என்றால் திருப்பும் காலம் முடிவதற்கு முன்னரே கடன் இணக்க சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்தால் அந்தக் கதவு சாத்திவிடும். நேரடி விற்பனை உறுதியாக இருந்தாலும், அது உண்மையில் கடனுக்காக எழுதியது என்று காட்ட முடிந்தால் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவின்படி வழக்குப் போட இடமுண்டு. வட்டி கட்டிய சிட்டை, வீட்டில் தொடர்ந்து நீங்களே இருந்ததற்கான மின்சார, தண்ணீர்ப் பட்டியல், அந்த நேரத்துச் சந்தை விலை எல்லாம் அங்கே சாட்சி. ஒரு துண்டையும் எறியாதீர்கள்.

லண்டன் அண்ணாவின் பங்கு

பெற்றோர் இறந்து வீடு பிள்ளைகள் பெயரில் பிரிபடாமல் கிடந்தால், தரகர் உங்களிடம் வராமல் வெளிநாட்டில் இருக்கும் சகோதரரிடம் போவார். "உங்கட பங்கை மட்டும் தாங்கோ, மற்றவைக்குச் சொல்லவேண்டாம்." அந்தப் பங்கை வாங்கியவர் அடுத்த நாள் பங்காளியாகி 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி பாகப் பிரிவினை வழக்குப் போடலாம். பிரிக்க முடியாத சின்னக் காணி என்றால் நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். வடமாகாணக் காணிகளில், யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை பங்காளிக்குத் தரும் முன்னுரிமையைக் கொழும்பு வீட்டுக்கு எதிர்பார்க்க முடியாது. உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு குடும்ப அழைப்பில் கூடி, யாராவது பங்கை விற்க நினைத்தால் முதலில் மற்றவர்களிடம் கேட்பதாகப் பேசி, நொத்தாரிசு மூலம் எழுதிவையுங்கள். பேசாமல் இருந்த குடும்பங்களில்தான் இது நடக்கிறது.

ஏற்கெனவே சிக்கிவிட்டால்

அன்றைக்கே பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள். கள்ளக் கையெழுத்து, ஆள்மாறாட்டம், பொய் சொல்லிப் பணமோ ஆவணமோ வாங்கியது எல்லாம் குற்றவியல் விடயங்கள். "இது சிவில் கேஸ், சட்டத்தரணியிட்ட போங்கோ" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், ஆவணத்தைப் பொய்யாக முடித்திருக்கிறார்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தமிழில் சொல்லிப் பதியவைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து. பெரிய மோசடி என்றால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கும் எழுதலாம். கேற்றடியில் வந்து மிரட்டினால் 119.

கள்ள உறுதி பதிவாகிவிட்டதென்றால் அதை வெற்றாக்க மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கும், வழக்கு முடியும்வரை காணியைக் கைமாற்றாமல் தடையுத்தரவும் வேண்டும். தாமதித்தால் அது இன்னொருவருக்குக் கைமாறிச் சிக்கல் கூடும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் இலவசமாக வழக்காடுகிறார்கள். அந்த நொத்தாரிசு தவறு செய்திருந்தால் பதிவாளர் நாயகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

எங்கள் விஷயத்தில் கேற்றடிக்கு வந்தவரும் ஏமாந்தவர்தான். அவரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனோம். அவர் கொடுத்த அட்வான்சும் ரசீதும் முறைப்பாட்டில் சேர்ந்தன. பதிவேட்டில் வேறு எதுவும் ஏறியிருக்கவில்லை. கேவியட் பதிந்த துண்டை அம்மாவின் உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். அது முடியும் திகதியை அம்மா கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். ஒவ்வொரு மாதத்தாளைக் கிழிக்கும்போதும், "கேவியட்டைப் புதுப்பிக்கவேணும் எண்டு ஞாபகப்படுத்து" என்று எனக்குப் போன் எடுக்கிறார்.